வன்னி ஆய்வுகூடங்களில் பாதுகாப்பு: நடைமுறைகளும் காப்புச் சாதனங்களும்

ஐந்து படிகள்

ஆய்வுகூடத்தில் விபத்தைத் தடுக்கும் வழிகள் ஐந்து. ஆபத்தான பொருளை அடியோடு விலக்குதல் முதலாவது. விலக்க முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை அதற்குப் பதிலாக வைத்தல் இரண்டாவது. ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவே சுவர், கண்ணாடி, காற்றோட்டம் முதலிய ஏற்பாடுகளைச் செய்தல் மூன்றாவது. வேலைமுறையை விதிகளாலும் பயிற்சியாலும் ஒழுங்குபடுத்தல் நான்காவது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, மேலங்கி, சுவாசக் கவசம் என்று உடலில் அணிபவை ஐந்தாவது. வரிசையும் இதுவே. முதல் நான்கும் கைவிடப்பட்ட இடத்தில் ஐந்தாவது முழுச் சுமையையும் தாங்க நேரிடும். கையுறையில் விழும் சிறு ஓட்டையும் அப்போது நேரே காயமாகும்.

உலகெங்கும் புழங்கும் பாதுகாப்பு நியமங்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறை, அறாத மின்சாரம், அழுத்தம் குன்றாத குழாய்நீர், சில நிமிடங்களில் வந்து சேரும் தீயணைப்புப் படை ஆகிய நான்கையும் எண்ணி எழுதப்பட்டவை. இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்நான்கும் ஒருங்கே அமைவது அரிது. நியமங்களை அப்படியே சுவரில் ஒட்டுவதால் இங்குப் பாதுகாப்பு வராது. ஒவ்வொரு விதியும் எந்த நிலைமையை எண்ணி வகுக்கப்பட்டது என்பதைக் கண்டு, வன்னியின் வெப்பம், நீர், காற்று, தூரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அதைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

ஆய்வுகூடங்களும் அவற்றின் பொருள்களும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2014 இல் தொடங்கிய பொறியியல் பீடமும், 2016 இல் உருவான தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பவியலையும் கற்பிக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும், வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களும், குடிநீர்ச் சோதனைக் கூடங்களும், உயர்தரப் பாடசாலைகளின் விஞ்ஞான கூடங்களும் இவற்றோடு சேர்கின்றன.

இரசாயனத் தொழிலுக்கும் இங்கு வரலாறு உண்டு. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுக்க 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, போரினால் 1980களின் நடுப்பகுதியில் நின்றுபோகும் வரை நாட்டின் முதன்மையான இரசாயன ஆலைகளுள் ஒன்றாக இருந்தது. குளோரீன் வளியிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். ஆகவே கசிவு நேர்ந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதே குளோரீன் ஆலைகளின் முதற் பாடம். குடிநீருக்குக் குளோரீன் ஊட்டும் நிலையங்களுக்கும் அதே பாடம் இன்றும் பொருந்தும்.

இன்றைய வன்னி ஆய்வுகூடங்களின் பெரும்பகுதி வேலை மண், நீர், பயிர், உணவு ஆகியவற்றின் பகுப்பாய்வு. இவற்றில் பொதுமக்களுக்கு அச்சமூட்டும் வெடிபொருளோ கதிரியக்கமோ அதிகம் இல்லை. செறிந்த சல்பூரிக்கமிலம், நைத்திரிக்கமிலம், பொற்றாசியம் இருகுரோமேற்று, ஈதர், எட்சேன், பீடைநாசினி மாதிரிகள் ஆகியவையே அன்றாடப் பொருள்கள். அன்றாடம் என்பதாலேயே கவனம் தளர்வதும் இவற்றிடந்தான்.

விலக்கலும் மாற்றீடும்

மண்ணின் சேதனக் காபனை அளக்க 1934 இல் வகுக்கப்பட்ட வோக்லி–பிளாக் முறை இன்னும் பரவலாக உள்ளது. ஒரு மாதிரிக்கு 10 மில்லிலீற்றர் இருகுரோமேற்றுக் கரைசலும் 20 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக்கமிலமும் செல்கின்றன. காலபோகத்துக்கு முன் 100 மாதிரிகள் வந்தால் 2 லீற்றர் செறிந்த அமிலமும் ஏறத்தாழ 49 கிராம் இருகுரோமேற்றும் கைகளைக் கடந்து போகும். இருகுரோமேற்றில் உள்ள ஆறுவலுக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உறுதிப்பட்டது. அறுதியான அளவு தேவைப்படாத ஒப்பீட்டு ஆய்வுகளில், மண்ணை மின் உலையில் எரித்து எடை இழப்பைக் காணும் முறை போதும். களிமண் மிகுந்த வயல் மண்ணில் கட்டுண்ட நீரும் வெளியேறி மதிப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், உள்ளூர் மண்ணுக்கென ஒரு திருத்தக் காரணியை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

நைதரசனை அளக்கும் கெல்டால் முறைக்கு 1883 முதல் நெடிய வரலாறு உண்டு. முன்னாளில் அதில் இரசச் சேர்வைகள் ஊக்கியாக இடப்பட்டன. செப்புச் சல்பேற்று அந்த வேலையைச் செய்யும் என்றான பின் இரசத்துக்கு அங்கு இடமில்லை. தாவர இழையத்தைக் கரைக்க நைத்திரிக்கமிலத்தோடு பெர்குளோரிக்கமிலம் சேர்க்கும் பழைய செய்முறையையும் கைவிடலாம். பெர்குளோரிக்கமில ஆவி சாதாரண வெளியேற்றுக் குழாயில் படிந்து, பின்னர் ஒரு தட்டலிலேயே வெடிக்கக்கூடிய உப்புகளாகும். பல பகுப்பாய்வுகளுக்கு நைத்திரிக்கமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் போதுமானவை. இரச வெப்பமானிக்குப் பதில் மதுசார வெப்பமானியோ இலத்திரனியல் வெப்பமானியோ வைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அளவைக் குறைத்தலும் விலக்கலின் ஒரு வடிவம். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு நிக்கல் சேர்வையை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிப்பதில்லை என்பது வாய்மொழி விதியாக இருந்தது. பட்டப்பின் மாணவர் ஏறத்தாழ 10 கிராம் தயாரித்தார். அதை அரைத்து முடித்து, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விலகியவர், இன்னொரு தடவை கிளறிப் பார்க்கத் திரும்பி வந்தபோது அது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம். விதி எழுத்தில் இல்லாததும், அளவைப் பார்த்துத் தடுக்க எவரும் பொறுப்பில் இல்லாததும் பின்னைய விசாரணையில் வெளிவந்தன.

வெப்பம்

டைஎதயில் ஈதர் 34.6 பாகை செல்சியசில் கொதிக்கும். சித்திரை தொடங்கி ஆவணி வரை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிற்பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடுவது வழமை. ஐரோப்பிய நூல் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று சொல்லும் போத்தல், இங்கு அறையிலேயே கொதிநிலைக்கு வந்துவிடும். மூடியைத் திறந்ததும் பீறிடும் ஆவி வளியிலும் இரண்டரை மடங்கு பாரமாக மேசை விளிம்பால் வழிந்து, சில மீற்றர் தள்ளி நிற்கும் அடுப்பிலோ ஆளியிலோ தீப்பற்றித் திரும்பி ஓடி வரும். டைகுளோரோமெதேன், செறிந்த அமோனியாக் கரைசல், ஐதரசன் பேரொட்சைட்டு ஆகியவற்றின் போத்தல்களிலும் வெப்பத்தில் அழுத்தம் ஏறும். இவற்றைக் காலை வேளையில், உறிஞ்சும் பெட்டகத்துக்குள், முகத்தை விலக்கி, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தித் திறப்பதே முறை.

கொழுப்புப் பிரித்தெடுக்கும் சொக்ஸ்லெற் கருவியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் ஒடுக்கியில் ஓடும் நீர் கூரைத் தாங்கியிலிருந்து வருகிறது. நண்பகல் வெயிலில் அந்நீர் கரைப்பானின் கொதிநிலையையே நெருங்கினால் ஆவி ஒடுங்காது. மேல்வாயால் தப்பி அறையில் நிறையும். 40–60 பாகையில் கொதிக்கும் பெற்றோலிய ஈதருக்குப் பதில் 60–80 பாகை வகையை எடுப்பதும், பிரித்தெடுப்பை விடியற்காலையில் தொடங்குவதும், குளிரூட்டிச் சுழலும் நீர்த்தொட்டியை இணைப்பதும் தீர்வுகள். எட்சேன் 69 பாகையில் கொதிப்பதால் தீ ஆபத்தில் ஈதரினும் சற்று எளிதானது. ஆயினும் அதன் ஆவி நெடுநாள் உள்ளே போனால் கைகால் நரம்புகள் கெடும். எனவே கெப்டேன் பொருந்தும் இடத்தில் அதையே தேர்வர்.

குளிர்சாதனப் பெட்டி பற்றியும் தெளிவு வேண்டும். வீட்டுப் பாவனைப் பெட்டியின் உள்விளக்கும் வெப்பநிலை ஆளியும் பொறி கக்குபவை. மூடி இறுகாத ஈதர்ப் போத்தல் உள்ளே இருந்தால் ஆவி தேங்கி, இயந்திரம் தானே இயங்கத் தொடங்கும் கணத்தில் வெடிக்கும். உள்ளே பொறி எழாத வகையில் அமைந்த பெட்டி மட்டுமே தீப்பற்றும் கரைப்பான்களுக்கு உரியது. ஆய்வுகூடப் பெட்டியில் உணவோ குடிநீரோ வைப்பதில்லை.

களஞ்சியம்

பெயரின் அகரவரிசையில் போத்தல்களை அடுக்குவது பார்வைக்கு ஒழுங்கு, இரசாயனத்துக்கு ஒவ்வாது. அசற்றிக்கமிலமும் நைத்திரிக்கமிலமும் அமிலங்களே எனினும் ஒரே தட்டில் இருக்கலாகாது: முன்னையது எரிபொருள், பின்னையது ஒட்சியேற்றி. பிரித்து வைக்க வேண்டிய கூட்டங்கள் தீப்பற்றும் கரைப்பான்கள், ஒட்சியேற்றிகள், கனிம அமிலங்கள், மூலங்கள், நீருடன் தாக்குபவை, நச்சுப்பொருள்கள் என ஆறு. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, பின்னர் மூழ்கிய எக்ஸ்–பிரஸ் பேர்ள் கப்பலில் கொள்கலனிலிருந்து நைத்திரிக்கமிலம் கசிந்துகொண்டிருந்தது. ஒட்சியேற்றியின் கசிவு எவ்வளவு பெரிய சேதத்தில் முடியலாம் என்பதை இலங்கைக் கடற்கரை கண்டது.

திரவ இரசாயனங்கள் கண்மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி பிளாஸ்ரிக் தட்டத்தில் நின்றால், உடைந்த போத்தலின் திரவம் அடுத்த கூட்டத்தைச் சேராது. மேற்கு நோக்கிய யன்னலோரம் களஞ்சியத்துக்கு ஆகாது. ஈதர் போன்று நாட்பட வெடிக்கும் பேரொட்சைட்டுகளை உருவாக்கும் பொருள்களில் வாங்கிய திகதி, திறந்த திகதி இரண்டும் எழுதப்பட வேண்டும். கேள்விகோரல் முறையில் ஆண்டுக்கொருமுறை மொத்தமாக வாங்கும் வழக்கம் இங்கே பாதுகாப்புக்கு எதிராகிறது. அத்தகைய பொருள்களைச் சிறு போத்தல்களில், தவணை தவணையாகப் பெறுவதே நன்று.

காற்றோட்டம்

அமிலச் செரிப்பு, ஈதர்ப் பிரித்தெடுப்பு, பீடைநாசினிப் பகுப்பாய்வு ஆகியவை நடக்க வேண்டிய இடம் ஆய்வுகூடத்தார் பியூம் கபேட் என்று சொல்லும் உறிஞ்சும் பெட்டகம். முகப்பில் காற்று உள்ளிழுபடும் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர் அளவில் இருக்க வேண்டும். கருவிகளை முகப்பிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் உள்ளே வைத்து, நெகிழ்கண்ணாடியை இயன்றவரை இறக்கி வேலை செய்வர். மெல்லிய கடதாசிக் கீற்றொன்றைக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒட்டிவிட்டால், அது உட்புறம் சாய்கிறதா என்பதைப் பார்த்தே பெட்டகம் இழுக்கிறதா என்று அறியலாம். பெட்டகத்தைப் போத்தல் களஞ்சியமாக்கினால் காற்றின் வழி அடைபடும்.

வன்னியில் காற்று இரு திசை மாறும். சிறுபோகக் காலத்தில் தென்மேற்கிலிருந்து சோழகம் வலுத்து வீசும். காலபோகத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். வெளியேற்றுக் குழாயின் வாய் கூரைக்கு மேல் உயராமல் சுவரோடு முடிந்தால், ஆண்டில் ஒரு பாதி அதன் புகை அடுத்த வகுப்பறையின் யன்னலுக்குள் திரும்பும். குழாயின் வாய் கூரையைத் தாண்டி உயர வேண்டும். மழைக்கென வைக்கும் தொப்பி புகையைக் கீழே தள்ளாத வகையில் அமைய வேண்டும்.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. மின் போனால் பெட்டகத்தின் விசிறி அக்கணமே நிற்கும். ஏறத்தாழ 400 பாகையில் கெல்டால் குழாய்களைத் தாங்கும் உலோகக் கட்டையோ ஆற நெடுநேரம் எடுத்து, அதுவரை அமிலப்புகையைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே மின்பிறப்பாக்கி இணைப்பு முதலில் விசிறிக்கே தரப்பட வேண்டும். சூடாக்கியை அதில் சேர்க்கலாகாது; மின் மீண்டதும் அது தானாக இயங்காதவாறு ஆளியும் அமைய வேண்டும். மின் போனதும் கண்ணாடியை முழுவதும் இறக்கி அறையை விட்டு வெளியேறுதல் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

தோற்றத்தில் ஒத்த மூன்று பெட்டகங்களை வேறுபடுத்துதல் இன்றியமையாதது. பியூம் கபேட் ஆளைக் காக்கும். தாவர இழைய வளர்ப்புக்கான படலப்பாய்ச்சல் மேடை மாதிரியை மட்டும் காக்கும்; வடித்த காற்றை வேலை செய்பவரின் முகத்தை நோக்கியே செலுத்தும். நோய்க்கிருமிகளுக்குரிய உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகம் இரண்டையும் காக்கும். வயல் மண்ணிலிருந்து பற்றீரியா பிரித்தெடுக்கும் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஈர மண்ணில் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லே என்னும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோய் இலங்கையில் 1927 இலேயே பதிவானது. நீரிழிவுள்ளோரை அது கடுமையாகத் தாக்கும். கிருமி வளர்த்த தட்டைத் திறந்து முகர்ந்து இனங்காணும் பழைய பழக்கத்துக்கு எந்த ஆய்வுகூடத்திலும் இடமில்லை. இனந்தெரியாத மண் பற்றீரியாவை இழைய வளர்ப்பு மேடையில் கையாள்வதும் ஆகாது.

கண்ணும் முகமும்

சாதாரண மூக்குக்கண்ணாடி பாதுகாப்புச் சாதனம் அன்று. பக்கக் காப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி பறக்கும் சிதறல்களைத் தடுக்கும். திரவத் தெறிப்பைத் தடுக்க, முகத்தோடு முழுவதும் பொருந்தி, நேர் துளைகள் இல்லாத தெறிப்புக் கண்ணாடியே வேண்டும். செறிந்த அமிலத்தை ஊற்றும்போதும், வெற்றிடத்திலோ அழுத்தத்திலோ கண்ணாடிக் கலங்கள் நிற்கும்போதும் அதன் மேல் முழுமுக மறைப்பும் அணிவர். முகமறைப்பு தனியே போதாது. கீழிருந்து எழும் தெறிப்பு அதற்குள் புகும்.

‘வெக்கையில் இதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது’ என்பதே காப்புகளுக்கு எதிராக வன்னியில் அடிக்கடி கேட்கும் நியாயம். இதற்கு விடை இம்மண்ணிலேயே உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலை உட்பட்ட பகுதிகளில் கண்ணிவெடி அகற்றிய ஆண்களும் பெண்களும் திறந்த வெயிலில் மார்புக்கவசமும் முகமறைப்பும் அணிந்து வேலை செய்தனர். சர்வதேச கண்ணிவெடி நடவடிக்கை நியமம் அவர்களுடைய கண் காப்புக்குக் குறைந்தது 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிகாபனேற்றுக்கு நிகரான வலுவைக் கேட்கிறது. அங்கு வெப்பத்துக்குத் தரப்பட்ட தீர்வு, கவசத்தைக் கழற்றாமல் வேலை நேரத்தைத் துண்டுகளாக்கி, குறித்த இடைவேளையில், குறித்த ஓய்விடத்தில் மட்டும் அதை நீக்குவது. ஆய்வுகூடத்திலும் அமில வேலைகளைக் காலையில் குறுகிய கட்டங்களாக வகுத்து, அறைக்கு வெளியே ஓய்வு கொடுத்தால் கண்ணாடி நெற்றிக்கு ஏறாது. மண் மாதிரி எடுக்கக் களத்துக்குப் போகும் குழுக்கள், அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதிப்படுத்தும் வழக்கமும் இதன் பகுதி.

கை

எல்லாவற்றையும் தடுக்கும் கையுறை எதுவும் இல்லை. நைத்திரைல் கையுறை எண்ணெய்க்கும் பல நீர்க்கரைசல்களுக்கும் நன்கு தாங்கும். அசற்றோனும் டைகுளோரோமெதேனும் அதை விரைவில் ஊடுருவும். அசற்றோனுக்கு பியூட்டைல் இறப்பரும், செறிந்த அமில காரங்களுக்குத் தடித்த நியோப்பிரீனும் ஏற்றவை. லேற்றெக்ஸ் கரைப்பான்களுக்கு ஆகாது; சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

கையுறையை அளவுக்கு மீறி நம்புவதன் விளைவு 1996 ஓகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் தெரிந்தது. இரசாயனப் பேராசிரியர் கரன் வெற்றர்ஹான் உறிஞ்சும் பெட்டகத்துக்குள், லேற்றெக்ஸ் கையுறை அணிந்தே, டைமெதயில் இரசத்தைக் கையாண்டார். சில துளிகள் கையுறையில் விழுந்தன. மாதங்கள் கழித்தே நரம்புக் குறிகள் தோன்றின. 1997 ஜூனில் அவர் இறந்தார். அந்தச் சேர்வை அத்தகைய கையுறையை 15 செக்கனுக்குள் ஊடுருவும் என்று பின்னர் செய்த சோதனை காட்டியது. அன்று அவர் எந்த விதியையும் மீறவில்லை. பொருளுக்கேற்ற கையுறை எது என்ற தகவலே இருக்கவில்லை. இன்று அது உற்பத்தியாளரின் ஊடுருவல் அட்டவணையில் உண்டு. கையுறை வாங்கும் கட்டளையில் ‘ஒரு பெட்டி’ என்று எழுதாமல் பொருள், தடிப்பு, அளவு மூன்றும் குறிக்கப்பட வேண்டும். பெரிய கையுறை சிறிய கையில் நழுவும். வியர்வையில் ஊறிய தோல் இரசாயனத்தை இன்னும் எளிதில் உள்வாங்கும். மெல்லிய கையுறை ஒருதடவைப் பாவனைக்கே உரியது. அதோடு கதவுப்பிடி, கைத்தொலைபேசி, பேனா ஆகியவற்றைத் தொடுவதில்லை.

உடலும் காலும்

மேலங்கி பருத்தியாலானதாக, முழங்கால் வரை நீண்டு, முழுக்கையோடு இருக்க வேண்டும். பொலியெஸ்ரர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். 2008 டிசம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 23 வயதான ஆய்வு உதவியாளர் ஒருவர் வளி பட்டதும் தீப்பற்றும் இலிதியச் சேர்வையைப் பிளாஸ்ரிக் ஊசிக்குழலால் மாற்றியபோது உந்தி கழன்றது. அவர் மேலங்கி அணிந்திருக்கவில்லை. செயற்கை இழை மேலாடை பற்றி எரிந்தது. அவசர நீர்த்தாரைக்கு அவர் கொண்டுசெல்லப்படவில்லை. 18 நாள்களில் உயிர் பிரிந்தது.

சேலை முந்தானையும் பஞ்சாபி உடையின் சோலும் சுடருக்கும் சுழலும் இயந்திரத்துக்கும் எளிதில் அகப்படுபவை. அவற்றை மேலங்கிக்குள் அடக்கிப் பொத்தான்களைப் பூட்டுவதும், நீண்ட கூந்தலைக் கொண்டையிடுவதும் உடை மரபைக் கெடுக்காமலே செய்யக்கூடியவை. வாசலில் பாதணி கழற்றும் வழக்கம் கணினி அறைக்குப் பொருந்தும். இரசாயன ஆய்வுகூடத்துக்குப் பொருந்தாது. வெறுங்காலும் செருப்பும் உடைந்த கண்ணாடியையும் சிந்திய அமிலத்தையும் நேரே சந்திக்கும். மூடிய சப்பாத்தே விதி. மேலங்கியை வீட்டுத் துணிகளோடு துவைத்தால் பீடைநாசினி வீட்டாரின் உடையிலும் சேரும். அதைச் சலவை செய்யும் ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு.

சுவாசம்

வைத்தியசாலைகளில் அணியும் மெல்லிய முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. தூசியைத் தடுக்கும் என்95 வகையும் ஈதரையோ குளோரீனையோ தடுக்காது. ஆவிக்கு, அந்த ஆவிக்கென வகுத்த வடிகலம் பொருத்திய இறப்பர்க் கவசம் வேண்டும்: சேதன ஆவி, அமில வாயு, அமோனியா ஒவ்வொன்றுக்கும் வடிகலம் வேறு. முகத்தோடு இறுகப் பொருந்தாவிட்டால் பயன் இல்லை. தாடி அந்தப் பொருத்தத்தைக் கெடுக்கும். திறந்த வடிகலம் ஈரக்காற்றில் தன் ஆற்றலை இழந்துகொண்டே போகும் என்பதால், மாரி தொடங்குமுன் திறந்ததை மாரி முடிந்த பின் நம்பலாகாது. ஒட்சிசன் குறைந்த இடத்தில் எந்த வடிகலமும் உதவாது. 1 லீற்றர் திரவ நைதரசன் ஆவியானால் ஏறத்தாழ 690 லீற்றர் வாயுவாகும். யன்னல் அடைத்த சிறு அறையில் அது மூச்சை நிறுத்தப் போதும்.

நீரும் முதல் நிமிடங்களும்

இரசாயனம் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க நியமம், கண்கழுவிக்கு 10 செக்கனுக்குள் சென்றடைய வேண்டும் என்றும், நீரின் வெப்பநிலை 16 முதல் 38 பாகைக்குள் இருக்க வேண்டும் என்றும், வாரந்தோறும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. வன்னியில் இம்மூன்றில் சிக்கலானது வெப்பநிலை. கறுப்புக் கூரைத் தாங்கியின் நீர் பிற்பகலில் 38 பாகையைக் கடந்தால், காயம்பட்ட கண்ணை அது மேலும் புண்ணாக்கும். நிழலில் வைத்த தனித்தாங்கியோ மண்ணுக்குள் ஆழப் புதைத்த குழாயோ இதற்குத் தீர்வு.

அளவும் கணக்கிடப்பட வேண்டும். அவசர நீர்த்தாரைக்கு அந்நியமம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 76 லீற்றர் கேட்கிறது. 15 நிமிடத்துக்கு 1,140 லீற்றர். வழமையான 1,000 லீற்றர் தாங்கி நிரம்பி இருந்தாலும் போதாது. கழிவறைக்கும் அதே தாங்கி என்றால் நீர் இன்னும் குறைந்திருக்கும். குழாய்க்கிணற்று நீரின் கடினத்தன்மையால் கண்கழுவியின் துவாரங்களில் சுண்ணாம்பு படியும் என்பதால் வாரச் சோதனை இங்குக் கூடுதல் அவசியமாகிறது.

அமிலத்தைக் காரத்தால் தோலிலேயே நடுநிலையாக்க முனையலாகாது, நீரே மருந்து. ஐதரோபுளோரிக்கமிலம் மட்டும் விதிவிலக்கு: கழுவியதும் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் பூச வேண்டும். அந்த ஜெல் கையில் இல்லாத ஆய்வுகூடம் அந்த அமிலத்தை வாங்கவே கூடாது. 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழைப்பவர் ஒருவர், வாசலில் நின்று வழிகாட்டுபவர் ஒருவர், பாதுகாப்புத் தரவுத்தாளோடு வைத்தியசாலைக்குப் போகிறவர் ஒருவர் என்று பொறுப்புகள் முன்கூட்டியே பகிரப்பட்டிருக்க வேண்டும். வைத்தியசாலை தொலைவில் இருப்பதால், அங்கே போய்ச் சேரும்வரையான முதலுதவி முழுதும் ஆய்வுகூடத்தின் கையில்.

சிலிண்டர், மின்சாரம்

150 முதல் 200 பார் அழுத்தத்தில் நிற்கும் வாயுச் சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால் சுவரைத் துளைக்கும். அது நிமிர்ந்து, சங்கிலியால் சுவரோடு பிணைக்கப்பட்டு, வெயில் படாத வெளிக்கூண்டில் நிற்க வேண்டும். நகர்த்துமுன் ரெகுலேற்றரைக் கழற்றி மூடி இட வேண்டும். ஒட்சிசன் இணைப்பில் எண்ணெயோ கிறீசோ தடவலாகாது. 2018 டிசம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலை ஆய்வுகூடத்தில் நேர்ந்த வெடிப்பில் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமடைந்தனர். பெருநிறுவனம் என்பதால் வாயு விலகிப் போவதில்லை. மின்சாரத்தில், 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் ஆளி ஈரமான ஆய்வுகூடத்துக்கு இன்றியமையாதது. மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கழிவும் பழைய கருவிகளும்

கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழும் நிலப்பரப்பில் கழிவுத்தொட்டி வழியே ஊற்றியது எதுவும் தொலைந்துபோவதில்லை. இருகுரோமேற்றுக் கழிவை அமில நிலையில் சோடியம் மெற்றாபைசல்பைற்றால் மூவலுக் குரோமியமாக்கி, சுண்ணாம்பால் வீழ்படிவாக்கி, படிவைத் தனியே சேமிக்க வேண்டும். நைத்திரிக்கமிலக் கழிவும் சேதனக் கரைப்பான் கழிவும் ஒரே கலனில் சேர்ந்தால் மூடிய கலன் வெடிக்கும். அபாயக் கழிவைக் கையாள 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் தேவை.

பயன் முடிந்த கருவியும் கழிவே. டில்லிப் பல்கலைக்கழகம் 1968 இல் வாங்கிய காமாக் கதிர்க் கருவி, நெடுங்காலம் பாவனையின்றிக் கிடந்து, 2010 பெப்ரவரியில் பழைய இரும்பாக ஏலத்தில் போனது. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்தபோது கோபாற்று–60 வெளிப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சு நோய்க்குள்ளாகினர். இலங்கையில் இத்தகைய மூலங்களை 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஏலப்பட்டியலில் எந்தக் கருவியும் ஏறுமுன், அதில் இரசம், கதிரியக்க மூலம், எஞ்சிய இரசாயனம் எவையும் இல்லை என்று துறைத்தலைவர் கையொப்பமிடும் நடைமுறை அவசியம்.

விதி, மொழி, பதிவு

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையை மனத்தில் கொண்டு எழுந்தது. பல்கலைக்கழக மாணவர் அதன் மையத்தில் இல்லை. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கெனத் தேசிய நிறுவகம் ஒன்றை அமைத்தது. ஆய்வுகூடத்துக்குள் அன்றாட விதிகளை வகுப்பது எனினும் அந்தந்தப் பீடத்தின் கடமையே.

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் தமிழ், சிங்கள மாணவர் ஒன்றாகக் கற்கின்றனர்; விரிவுரை ஆங்கிலத்தில், போத்தல் சிட்டை ஆங்கிலத்தில், பதற்றத்தில் எழும் குரல் தாய்மொழியில். அவசர அறிவிப்புகள் மும்மொழியிலும் இருக்க வேண்டும். உலக ஒருங்கிணைந்த முறையின் ஒன்பது அபாயச் சின்னங்களையும் மாணவர் முதற் செய்முறைக்கு முன்பே படித்துத் தேற வேண்டும். போத்தல் கழுவும் ஊழியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதே பயிற்சி உரியது. சிட்டை இல்லாத போத்தலை முதலில் தொடுபவர்கள் அவர்களே. சூடாக்கல், அமிலச் செரிப்பு, அழுத்த வாயு ஆகிய வேலைகளைத் தனியாளாகச் செய்தல், குறிப்பாக இரவில், தடைசெய்யப்பட வேண்டும்.

காயம் விளையாத தவறுகளும் பதிவேட்டில் ஏற வேண்டும்: நழுவிய போத்தல், திடீரென நின்ற விசிறி, கிழிந்த கையுறை. எழுதியவரைத் தண்டித்தால் அடுத்த தவறு எழுதப்படாது.

சோதனைகளுக்குக் காலவரையறை உண்டு. நாள்தோறும் பெட்டகத்தின் இழுப்பு. வாரந்தோறும் கண்கழுவி, தாங்கியின் நீர்மட்டம், பிற்பகல் நீரின் வெப்பநிலை. மாதந்தோறும் ட்ரிப் ஆளி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. சோழகத்துக்கு முன் கரைப்பான் களஞ்சியமும் வெளியேற்றுக் குழாயும், மாரிக்கு முன் ஈரம்படக் கெடும் பொருள்களும் வடிகலங்களும். ஆண்டுக்கொருமுறை முழு இருப்புக் கணக்கெடுப்பும் வெளியேற்ற ஒத்திகையும். ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் இருந்து கையொப்பமிட வேண்டும். சோதனையில் தவறிய சாதனம் திருத்தப்படும் வரை அதைச் சார்ந்த பரிசோதனைகளை நிறுத்தும் அதிகாரம், விரிவுரையாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல், அந்தப் பொறுப்பாளரிடமே இருக்க வேண்டும்.